ஆட்டின் ராஜாவும் ஆட்டின் ஒன்பதும்

வந்துட்டான். கொச்சிக்கொம்பன் இந்தச் சுற்றிலும் வந்துட்டான், தன் முன்னால் குவித்து வைத்திருந்த சிப்ஸ், காசுக்குப் பதிலாக வைக்கிற வில்லைகள், அத்தனையையும் ஒரே தள்ளாக நடுவில் தள்ளிவிட்டு, இப்ப என்ன பண்ணுவே என்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறான், உட்கார்ந்திருக்கிறானா படுத்திருக்கிறானா யாருக்குத் தெரியும், கொச்சியில்தான் இருக்கிறானா என்பதே தெரியாது, செல்போனுக்குள் ஒரு யானைப் படம், அதுக்குக் கீழே ஒரு பேர், அவ்வளவுதான் அவன். சாந்தாமணிக்கு நெஞ்சு திக்கென்றது, அந்தத் திக்கிலேயே ஒரு சந்தோஷமும் குபுகுபுவென்று ஏறியது, ரெண்டும் ஒன்றாக வருவது இந்த எழவு போக்கர் ஆட்டத்தில் மட்டும்தான். செல்போனை உப்பு ஜாடியில் சாய்த்து வைத்திருக்கிறாள், வலது கையெல்லாம் துருவின தேங்காய், அடுப்பில் கறி சின்னத் தீயில் கிடக்கிறது, கூடத்தில் ஒறம்பரை வந்து உட்கார்ந்திருக்கிறது, ஒறம்பரை என்றால் வேறு யாருமில்லை, புருசன் நல்லசிவத்தின் அக்கா பழனாத்தாளும் அவள் வீட்டுக்காரரும், கரூருக்கு ஒரு கல்யாணத்துக்கு வந்தவர்கள் அப்படியே இங்கே மதியச் சோத்துக்கு வந்துவிட்டார்கள். டேபிளில் மற்ற அஞ்சு பேரும் சீட்டைக் கீழே போட்டாகிவிட்டது. மிச்சம் கொம்பனும் அவளும். அவளுடைய ரெண்டு சீட்டு திரையின் அடியில் சிவப்பு இதயப் படத்தோடு சிரிக்கிறது: ஆட்டின் ராஜா, ஆட்டின் ஒன்பது. பக்கத்தில் ரெண்டு பொத்தான். ஃபோல்டு என்றால் சீட்டைப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம், கால் என்றால் தன்னிடம் இருக்கிறதை எல்லாம் எடுத்து நடுவில் வைத்து அவனோடு மல்லுக்கு நிற்கணும். பொத்தானுக்கு மேலே ஒரு பச்சைக் கோடு தேய்ந்துகொண்டே போகிறது. அது தேய்ந்து முடிகிறதுக்குள் சொல்லியாக வேண்டும்.

ஃபோல்டுதான், இதில் யோசிக்க என்ன இருக்கிறது, பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஏழு பேர் மிச்சம் இருக்கிறார்கள், ஆறு பேருக்கு இடம். கோவாவில் நிஜ மேஜையில், நிஜச் சீட்டில் நடக்கப்போகிற பெரிய ஆட்டத்தில் ஆறு பேருக்கு இடம், போக வர டிக்கெட், ரெண்டு பேருக்கு ரூம். இன்னும் ஒரே ஒரு ஆள் வெளியே போனால் ஆட்டம் முடிந்தது. முதலாவதாக நிற்கிறவனுக்கும் அதே இடம், ஆறாவதாக நொண்டிக்கொண்டு வருகிறவனுக்கும் அதே இடம், அதிகம் சிப்ஸ் வைத்திருந்தாய் என்று யாரும் மாலை போடப்போவதில்லை. அந்த வெளியே போகப்போகிற ஆளும் பக்கத்திலேயே இருக்கிறான், அவளுக்கு இடப்பக்கம், மண்புழு என்று பேர் வைத்துக்கொண்டு, பேருக்கேற்ற மாதிரி அவனிடம் ரெண்டு மூணு சிப்ஸ்தான் நெளிந்துகொண்டிருக்கிறது. அடுத்த கையில், அதாவது சீட்டை அடுத்த தடவை பிரித்துப் போடும்போது, அவன் கட்டாயம் வைக்க வேண்டிய தொகைக்கே அது பத்தாது. அடுத்த கையில் அவன் போய்விடுவான். ஆக, சாந்தாமணி செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை, ஒன்றுமே செய்யாமல் தேங்காய் துருவிக்கொண்டிருந்தால் போதும், பச்சைக் கோடு தேய்ந்து ஆட்டமே அவளுக்காகச் சீட்டைப் போட்டுவிடும், அடுத்த நிமிசம் கோவா. யூடியூபில் சொல்லித்தருகிற அந்தப் பெங்களூருப் பையன், முகத்தில் மீசைகூடச் சரியாக முளைக்காதவன், தலையில் அடித்துக்கொண்டு சொல்லுவான்: இந்த மாதிரி இடம் ஜெயிக்கிற ஆட்டத்தில், கடைசி ஆள் போகப்போகிற நேரத்தில், இருக்கிறதிலேயே பெரிய சீட்டான ஏஸ் ரெண்டு வந்தால்கூடத் தூக்கிப் போடு. ரெண்டு ஏஸையே. இவள் வைத்திருப்பது ராஜா ஒன்பது. சரி, அப்போ போடு, போட்டுத் தொலை, விரல் ஏன் போகமாட்டேன் என்கிறது.

மொய் வைத்தாகிவிட்டதே, அதுதான். இந்த ஆட்டத்தில் சுற்றுக்கு ரெண்டு பேர் சீட்டைப் பார்க்கிறதுக்கு முன்னாலேயே சிப்ஸ் வைத்தாக வேண்டும், ஒருத்தர் பாதி, ஒருத்தர் முழுசு, சின்ன பிளைண்ட், பெரிய பிளைண்ட் என்று அதுக்குப் பேர், இந்தக் கையில் கொம்பன் சின்னது, இவள் பெரியது. நல்லசிவத்துக்கு முதன்முதலாகப் புளியங்கொட்டையை வைத்து ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தபோது அவன் கேட்டான், என்ன சீட்டு வருமின்னே தெரியாம எதுக்குப் புள்ள காசு வெக்கோணும் என்று. மொய் மாதிரிங்க மாமா என்றாள் இவள். மொய் வைத்துவிட்டுச் சாப்பிடாமல் வர மனசு வருமா யாருக்காவது. அங்கேதான் அத்தனை பேரும் விழுவது, நல்ல சீட்டில் யாரும் விழுவதில்லை, கண்ணராவிச் சீட்டிலும் விழுவதில்லை, கொள்ளவும் முடியாத தள்ளவும் முடியாத சீட்டு ஒன்று வரும் பாருங்கள், பாதிக் காசு ஏற்கெனவே உள்ளே கிடக்குதே, இன்னும் கொஞ்சம் போட்டுப் பார்த்தால் என்ன என்று தோன்றும், அங்கே. வேலாயுதம்பாளையத்தில் ஒரு காதுகுத்துக்கு மொய்யை வைத்துவிட்டு, சாம்பார் ஊசிப்போயிருக்கிறது என்று மூக்குக்குத் தெரிந்தும், வைத்தது வீணாகக் கூடாதே என்று ரெண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டு மூணு நாள் எழுந்திரிக்காமல் கிடந்தவள்தானே இவள், மொய் வெச்சா சாப்பிட்டே ஆகோணுமா புள்ள என்று நல்லசிவம் இளநீரை வெட்டிக் கொடுத்துக்கொண்டே சிரித்தான், சிரிக்கட்டும், அன்றைக்குச் சோறு, இன்றைக்குக் கோவா. அட கெரகமே, கோடு பாதிக்கு வந்துவிட்டது. போட்டுரு சாந்தாமணி. போட்டுரு.

ஆனால் அவன் கையில் ஒன்றும் இல்லை. அது அவளுக்குத் தெரிகிறது, எப்படித் தெரிகிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாது, கறியில் உப்பு பத்தாது என்று வாசத்திலேயே தெரிகிறதில்லையா, அந்த மாதிரி. இவள் பெரிய பிளைண்டில் உட்காரும் ஒவ்வொரு சுற்றிலும் அவன் வலப்பக்கம் இருந்து இதையேதான் செய்கிறான், எல்லாத்தையும் நடுவில் தள்ளுகிறான், இவள் ஃபோல்டு செய்கிறாள், வைத்த மொய்யை அவன் வழித்துக்கொண்டு போகிறான். ஏனென்றால் பெங்களூருப் பையன் வீடியோவை அவனும் பார்த்திருக்கிறான். இவள் ஏஸையே தூக்கிப் போட வேண்டியவள் என்று அவனுக்குத் தெரியும், அதனால் எந்தக் குப்பையை வைத்துக்கொண்டும் தள்ளலாம். முதல் தடவை இவள் போட்டது ஏழும் ரெண்டும், அதில் வருத்தம் இல்லை. அடுத்தது ராணியும் மூணும். அடுத்தது பத்தும் எட்டும், கொஞ்சம் வலித்தது. அப்போது அவன் அரட்டைப் பெட்டியில் இங்கிலீசில் எழுதினான், தூங்கு புரோ, காலையில் எழுப்பிவிடுகிறேன் என்று. புரோவாம். இவள் வைத்திருக்கிற பேர் நூல்கண்டு, போர்வை எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை பார்க்கிறவள் வேறு என்ன பேர் வைப்பாள், அதில் ஆணா பெண்ணா என்று யாருக்கும் தெரியாது, நாலு வருசமாக எல்லாருக்கும் அவள் புரோதான். அவள் ஒரு வார்த்தை திருப்பி எழுதவில்லை. கம்பெனியில் மானேஜர் தப்பைச் செய்துவிட்டு இவள் தலையில் கட்டும்போதும் ஒரு வார்த்தை பேசமாட்டாள், சரிங் சார் என்று வந்துவிடுவாள், பொறுமைசாலி என்று பேர். பொறுமை என்ன பொறுமை, உள்ளே அரிசி வறுக்கிற மாதிரிப் பொரிந்துகொண்டிருக்கும், யாருக்குத் தெரிகிறது.

ராஜா ஒன்பது. ராஜாவை மட்டும் பார்த்தால் பெரிய இடம், கூட வந்திருக்கிற ஒன்பதைப் பார்த்தால் சப்பென்று இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் வந்த ஜாதகம் எல்லாம் இப்படித்தான் இருந்தது, ஆளு லட்சணம், வேலை இல்லை, வேலை உண்டு, மாமியார் சரியில்லை, நல்லசிவமே ஒரு ராஜா ஒன்பதுதான், முகம் ராஜா, அப்போது பார்த்துக்கொண்டிருந்த மோட்டார் ரிப்பேர் வேலை ஒன்பது, அப்பா வேண்டாம் என்றுதான் சொன்னார், இவள்தான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு சரி என்று தலையை ஆட்டினாள், ஆட்டின பிறகுதான் யோசித்தாள். ஆட்டின பிறகு யோசித்தது. அதை ஏன் இப்போது நினைக்கணும், நினைக்காதே, கோட்டைப் பார். கோடு சிவப்பாகிவிட்டது. கூடுதல் நேரம் என்று ஒரு கடிகாரப் படம் இருக்கும், அதைத் தொட்டால் இன்னொரு கோடு கிடைக்கும், தொட்டாள், தேங்காய்ப்பால் ஈரத்தில் விரல் வழுக்கி ஒட்டவில்லை, முந்தானையில் துடைத்துவிட்டுத் திரும்பத் தொட்டாள். அப்பாடி. பச்சை.

அதே நேரத்துக்குத்தானா பழனாத்தாள் வந்து சமையல்கட்டு நிலைப்படியில் நிற்க வேண்டும். தேங்காயைக் கொண்டாம்மிணி நான் அரைச்சுத் தாறேன், நீ ஏன் ஒத்தையாளா அல்லாடறே என்று உள்ளே வரப் பார்க்கிறாள், நல்ல மனுசிதான், ஆனால் இப்போதா. ஆச்சுங் நங்கையா, சித்த உக்காருங்க, இதா வந்தர்றேன் என்று வாய் தானாகச் சொன்னது, கண் திரையை விட்டு நகரவில்லை. கூடத்தில் இருந்து நல்லசிவம் அக்காவைக் கூப்பிட்டுக்கொண்டான், அவளை விடுக்கா, அவ பரிச்சை எழுதீட்டிருக்கறா என்றான், அதில் ஒரு கேலியும் இருந்தது, கொஞ்சம் ஆசையும் இருந்தது. பரீட்சைதான். போன மாசம் மின்சாரம் போய் ஆட்டம் பாதியில் அறுந்து, இவள் ரெண்டு நாள் யாரோடும் பேசாமல் இருந்தபோது, அவன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து சொன்னான்.

"இன்னொரு தடவை ஆடிப் பாரு. இடம் கெடைச்சா நானே லீவு போட்டுக் கூட்டிட்டுப் போறேன். கெடைக்கலீன்னா இந்த ஆட்டத்தைப் போன்ல இருந்தே அழிச்சுப்போடோணும் புள்ள. இந்த மொகத்தைப் பாக்க முடியல எனக்கு."

சரிங்க மாமா என்று கையில் அடித்துச் சத்தியம் செய்தவள் இவள்தான். காசு கட்டி ஆடமாட்டேன், மாசம் ஒரு தடவை சும்மா விடுகிற இந்த இலவச ஆட்டத்தைத்தான் ஆடுவேன் என்பது அதுக்கு முந்தின சத்தியம், அதையும் காப்பாற்றியிருக்கிறாள். ஆக இது கடைசி. இது போனால் கோவா மட்டும் போகாது, திங்கள் முதல் சனி வரை போர்வையில் பிசிறு பார்த்துவிட்டு வந்து, இந்தச் செல்போனைக் கையில் எடுத்ததும் உடம்பெல்லாம் ஒரு விளக்கு எரிகிற மாதிரி இருக்குமே, அதுவும் போய்விடும். அதுக்கப்புறம் என்ன, சீரியலா, ஒறம்பரையா. நிஜச் சீட்டை இவள் கையில் பிடித்ததே இல்லை, சிப்ஸ் ஒன்று என்ன கனம் இருக்கும் என்று தெரியாது, வீடியோவில் அதை அடுக்கும்போது கிளிக் கிளிக் என்று ஒரு சத்தம் வரும், அந்தச் சத்தத்துக்காகவே போகலாம், கறுப்புக் கண்ணாடி போட்ட ஆம்பளைகளுக்கு நடுவில் அரக்குக் கலர் காட்டன் சேலையில் போய் உட்காரலாம், நூல்கண்டு யாருங்க என்று கேட்பார்கள், நான்தானுங்க. ஐயோ, நினைக்கும்போதே புல்லரிக்கிறது. அவ்வளவும் ஒரு பொத்தானில் இருக்கிறது. ஃபோல்டு. இடது பக்கம் இருக்கிறது. சும்மா இரு சாந்தாமணி, சும்மா இருந்தாலே கிடைக்கிறதைக் கெடுத்துக்கொள்வார்களா யாராவது, வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியைத் தானே எடுத்து உடைப்பார்களா.

அவன் கையில் ஒன்றும் இல்லையே. ராணி, மிஞ்சிப்போனால். ஒரு ராணியும் ஒரு பொடிச் சீட்டும். அவன் சிரித்துக்கொண்டிருப்பான் இப்போது. இவள் ஃபோல்டு செய்த பிறகு வேண்டுமென்றே அந்தக் குப்பையைத் திறந்து காட்டுவான், பார் புரோ, இதுக்கா பயந்தாய் என்று. இவள் அதையும் பார்த்துக்கொண்டு கோவாவுக்குப் போவாள். போய் அங்கே உட்கார்ந்து என்ன செய்வாள், அங்கேயும் எவனாவது தள்ளுவான், இவள் போடுவாள், தள்ளுவான், போடுவாள். தப்பு, அது வேறு ஆட்டம், இது வேறு ஆட்டம், இங்கே போடுவதுதான் கெட்டிக்காரத்தனம், கணக்கு அதுதான், கணக்கு சரியாகத்தான் இருக்கிறது, கணக்கில் ஒரு குற்றமும் இல்லை, கோடு மறுபடியும் சிவப்பு, கறி அடிப்பிடிக்கிற வாசம், ஃபோல்டு இடது பக்கம், இடது பக்கம், ராஜா அவளைப் பார்க்கிறான், அவன் கையில் ஒன்றும் இல்லை, எனக்குத் தெரியும், எனக்குத் தெரியுமே, நான் சொல்லுவேன் அது என்ன சீட்டு என்று. விரல் போய்விட்டது. வலது பக்கம் போய்விட்டது. கால்.

அடங்கொப்புரானே. என்ன பண்ணிவிட்டாள். என்ன காரியம் பண்ணிவிட்டாள் இவள். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டாள். திரையில் கொம்பனின் சீட்டு மெதுவாகத் திரும்பியது: இஸ்பேட் ராணி, டைமன் நாலு. ராணி! ராணியும் ஒரு பொடிச் சீட்டும்! சொன்னாளா இல்லையா. அந்த ஒரு நொடி இருக்கிறதே, அதுபோல ஒன்றை அவள் பிறந்த நாள் முதலாக அனுபவித்ததில்லை, கோவா ஞாபகம் இல்லை, சத்தியம் ஞாபகம் இல்லை, தன் கண்ணுக்கு எதிரே தான் சொன்னது பலிக்கிற ஆனந்தம் மட்டும்தான், கத்த வேண்டும்போல் இருந்தது, கத்தாமல் தேங்காய்த் தொட்டியை இறுக்கிப் பிடித்தாள். இனிமேல் அவள் கையில் ஒன்றும் இல்லை. நடுவில் அஞ்சு சீட்டு விழும், அதைச் சேர்த்துக்கொண்டு யாருடையது பெரிசு என்று பார்ப்பார்கள். முதல் மூணு விழுந்தது. ஏஸ், ஆறு, நாலு. நாலு. அவனுக்கு நாலு ஜோடி சேர்ந்துவிட்டது, இவளிடம் வெறும் ராஜா. போச்சு. இதுதான் ஊசின சாம்பார். நல்லசிவத்திடம் என்னவென்று சொல்லுவது, சும்மா இருந்திருந்தால் கிடைத்திருக்கும், நான் சும்மா இருக்கவில்லை என்றா. நாலாவது சீட்டு ஒரு ரெண்டு, யாருக்கும் பிரயோசனம் இல்லாத ரெண்டு. இன்னும் ஒன்று. மாரியாத்தா என்று கூப்பிட வாய் வந்தது, இந்தத் திமிருக்கு அவளைக் கூப்பிட வெட்கமாக இருந்தது. அஞ்சாவது சீட்டு திரும்பியது, கறுப்பு, கிளாவர், ஒன்பது.

ஒன்பது. சப்பென்று இருந்த அந்த ஒன்பது. ஜோடி நாலை விட ஜோடி ஒன்பது பெரிசு, சிப்ஸ் எல்லாம் மடமடவென்று இவள் பக்கம் உருண்டு வந்தது, சாந்தாமணி தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள், சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. இவளிடம் இருந்த அளவுக்குத்தான் அவன் தோற்க முடியும் என்பதால் கொம்பனுக்கு அவனுடைய மலையில் ஒரு கல் மிச்சம். அடுத்த கையில், எல்லாரும் எதிர்பார்த்த மாதிரியே, மண்புழு செத்தான், இவள் அந்தக் கையில் தன் சீட்டைப் பார்க்கக்கூட இல்லை. செல்போனில் மணி அடித்தது, திரையில் காகிதப் பூ கொட்டியது, ஆறு பேர் பேரும் வரிசையாக வந்தது, நூல்கண்டு முதலாவது, கொச்சிக்கொம்பன் ஆறாவது, ஆறு பேருக்கும் ஒரே இடம். அரட்டைப் பெட்டியில் கொம்பன் எழுதியிருந்தான், நீ ஏன் கால் பண்ணினாய், சும்மா இருந்தாலே உனக்கு இடம் உண்டே, உனக்குப் பைத்தியமா என்று. புரோ போடவில்லை. உலகத்திலேயே இவள் இப்போது செய்தது என்ன என்று தெரிந்த ஒரே ஆள் அவன்தான், முகம் தெரியாத அந்தக் கொம்பன், அவன் சொல்வதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பு இல்லை. ஜெயித்தும் அவளுக்கு அஞ்சு பைசாப் பிரயோசனம் இல்லை, தோற்றிருந்தால் எல்லாம் போயிருக்கும்.

மணிச் சத்தம் கேட்டு நல்லசிவம் ஓடி வந்தான். தரையில் உட்கார்ந்திருக்கிறவளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தான், புரிந்ததும் அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்கணுமே, அடுப்பை அவனே அணைத்தான், அக்காவையும் மச்சானையும் அவனே கூப்பிட்டான், கோவாவுக்கு எப்போது லீவு போடுவது என்று அவனே யோசிக்க ஆரம்பித்துவிட்டான். அவள் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி, தேங்காய் ஒட்டிக்கொண்டிருந்த அந்தக் கையை விடாமலே அக்காவிடம் பெருமையாகச் சொன்னான்.

"எத்தனை பேர் ஆடுனாங்க தெரியுமாக்கா. அத்தனை பேரும் அவசரப்பட்டுப் போனாங்க. இவ மட்டும் அசையல. பொறுத்தார் பூமி ஆள்வார்ங்கறது இதுதான்."

"இல்லீங்க மாமா," என்றாள் சாந்தாமணி. குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "சும்மா இருந்தாலே கெடைச்சிருக்கும். நான் அத்தனையும் தூக்கி உள்ள வெச்சுப்போட்டேன்."

தன்னடக்கத்தைப் பாருக்கா என்று அவன் சிரித்தான், பழனாத்தாளும் சிரித்தாள், சரி வாம்மிணி, இலை போடலாம் என்று தேங்காய்த் தட்டைத் தூக்கிக்கொண்டு போனாள். சாந்தாமணியும் சிரித்தாள். செல்போனை முந்தானையில் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கோவாவில் நல்லசிவம் அவளுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்ப்பான். கல்யாணமாகிப் பதினெட்டு வருசம் கழித்து அங்கேதான் அவனுக்குத் தெரியப்போகிறது, தான் கட்டிக்கொண்டு வந்தது யாரை என்று.